முப்பத்தொரு பேர் மார்க் போட்ட முகம்

கீல் கம்பெனியின் மூன்றாவது மாடியில் அவனைப் படக்காரன் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கம்பெனி கதவுக் கீல் செய்தது. மொத்தம் அறுநூற்று நாற்பது வகை. அலமாரிக் கதவுக்கான கட்டைவிரல் அளவிலிருந்து, யானை முட்டினாலும் தாங்கும் என்று விற்பனைப் பிரிவு சத்தியம் செய்த முழங்கை அளவு வரை எல்லாம் உண்டு. இவ்வளவையும் ஒரு வலைதளத்தில் ஏற்றுவதற்காக அவனை ஆறு மாதத்துக்குத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கம்பெனிக்கு ஐம்பது வயது. அந்த மணிக்குத் தளம் திறக்க வேண்டும். திறந்தால் அவன் வேலை நிரந்தரம். திறக்காவிட்டால் தண்ணீர்த் தொட்டி.

தண்ணீர்த் தொட்டி மாமாவின் தொழில். அவன் அக்கா வீட்டில் இருந்தான். அக்காவின் கணவர் மொட்டைமாடித் தொட்டிகளைக் கழுவிக் கொடுக்கிறவர். நல்ல மனிதர், ஆனால் தொப்பை வைத்துவிட்டது. தொட்டியின் வாய்க்குள் இப்போதெல்லாம் தோளுக்குக் கீழே போவதில்லை. படக்காரனைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண் அவன் இடுப்பை அளக்கும். "உன் உடம்பு தொட்டி வாய்க்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குடா மச்சான்" என்பார். ஒரே ஒரு முறை இறங்கிப் பார்த்தான். தன் மூச்சு தன் காதுக்கே திரும்பி வந்ததும் இரண்டு முழங்கையும் சிராய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தான்.

அதற்கு முன் மூன்று வேலைகளை விட்டிருந்தான். கடைசி வேலையை ஷிப்டு நடுவில், சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுக்காமல் விட்டு வந்தான். அக்கா இந்த முறை சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இதையும் விட்டேன்னா பேசாம மாமாகூட எறங்கிடு. நிரந்தரம்னு போட்ட லெட்டரை என் கண்ணால பாக்கணும். வாயால சொல்றதெல்லாம் வேணாம்" என்றாள்.

அதனால் அவன் வேலையை ஒழுங்காகச் செய்தான். கம்பெனியின் சின்னத்தை, இரண்டு தகடும் ஓர் ஆணியும், எஸ்விஜி என்ற கோப்பு வகையில் வைத்தான். உண்மையில் அது படம் இல்லை, கோடு எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்ற கணக்கு. சுவரளவுக்குப் பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறாது. கீல்களை பிஎன்ஜியில் வைத்தான். விளிம்பு கத்தி போல நிற்கும், பின்னணியை எடுத்துவிட்டால் எந்த நிறத்தின் மேலும் உட்காரும். நிறுவனரின் முகத்தை ஜேபெக்கில் வைத்தான். தோலின் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிற படத்துக்கு அதுதான் சரி. கண்ணுக்குத் தெரியாததைத் தூக்கி எறிந்துவிட்டுக் கோப்பைச் சின்னதாக்கிக் கொடுக்கும். ஒரு முறை எறிந்தால் யாருக்கும் தெரியாது. எந்த அனுபவசாலியைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். அவன் தேர்வில் பிசகே இல்லை. பிசகு கம்பெனியில் இருந்தது.

அந்தக் கம்பெனியில் மனிதர் சம்பந்தப்பட்ட எதுவும் சுற்றில் போக வேண்டும். கீலுக்குச் சுற்று இல்லை, அதைத் தொழிற்சாலையிலேயே ஆயிரம் தடவை திறந்து மூடிப் பார்த்துவிடுகிறார்கள். மனிதருக்கு அப்படிச் சோதனை கிடையாதே. முன்பு காகிதம் முப்பத்தொரு மேசைக்குப் போய் முப்பத்தொரு சுருக்கொப்பத்தோடு திரும்பும். கம்ப்யூட்டர் வந்தபோது சுருக்கொப்பம் எங்கே போடுவது என்று குழப்பம் வந்தது. கோப்பைத் திறக்க வேண்டும், பார்க்க வேண்டும், சேமிக்க வேண்டும், சேமித்ததும் தேதி மாறும், அந்தத் தேதியே கையெழுத்து என்று ஒரு கூட்டத்தில் முடிவானது. இதைக் கவனிக்க ஓர் அம்மாள் இருந்தார். ரவுண்டு மேடம் என்று பெயர். உருவத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, ஆனால் உருவமும் ஒத்துழைத்தது.

நிறுவனர் படத்தை அவன் முந்தைய புதன்கிழமையே சுற்றில் விட்டிருந்தான். இந்த வாரம் திங்கள் காலையில் அது திரும்பி வந்தது. திறந்தான். மூடினான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி திறந்தான்.

பெரியவரின் முகம் குளியலறைத் தரை போல இருந்தது. கன்னம் ஓர் ஓடு. நெற்றி மூன்று ஓடு. மூக்கும் மீசையும் கூட்டுக்குடும்பமாக ஒரே ஓட்டில் இருந்தன. கண் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புச் சதுரங்கள். வலது தாடையில் ஊரறிந்த மச்சம் ஒன்று உண்டு, அது இருந்த இடமே தெரியவில்லை. காதுகளில் ஒன்று கழுத்துப் பட்டியோடு கலந்துவிட்டது.

ரவுண்டு மேடத்திடம் ஓடினான். ஓடுவது அங்கே சுலபமில்லை. நடைவழி நெடுக மாதிரிக் கதவுகள் நின்றன. சுவர் கிடையாது, சட்டமும் கதவும் மட்டும். சுற்றிக்கொண்டு போகலாம், இரண்டு பக்கமும் இடம் இருக்கிறது. யாரும் போக மாட்டார்கள். திறந்து, நுழைந்து, மூடிவிட்டுப் போவார்கள். அவனும் ஒன்பது கதவைத் திறந்து மூடித்தான் போய்ச் சேர்ந்தான்.

"மேடம், பெரியவர் முகம் போச்சு."

"அய்யோ, எப்ப? நேத்துகூட போன்ல பேசினாரே."

"அவருக்கு ஒண்ணும் இல்ல மேடம். படம்."

அவர் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். திரையை எட்டிப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, கீழே இருந்த தேதிகளைப் பார்த்தார். "முப்பத்தொண்ணும் இருக்கே தம்பி. நல்லாத்தானே வந்திருக்கு."

"இதுதான் ஒரிஜினல். ரெண்டையும் பாருங்க. இதுல மச்சம் இருக்கு, அதுல இல்ல."

"இது யார் பாத்தது?"

"நான்தான்."

"அத முப்பத்தொரு பேர் பாத்திருக்காங்க. நீ ஒருத்தன் பாத்ததைப் போடறதா, முப்பத்தொரு பேர் பாத்ததைப் போடறதா? நீயே சொல்லு."

"அப்போ ஒரிஜினலையே திரும்ப சுத்துக்கு விடுங்க."

"விடலாமே. நாலு வேலை நாள் ஆகும். இந்த வெள்ளி வெச்சுக்கோ, நடுவுல யாரும் லீவு போடலேன்னா."

நாளை மறுநாளைக்கு மறுநாள் தளம் திறக்க வேண்டும். ஓட்டு முகத்தைப் போட்டால் முதலாளியை அவமானப்படுத்தியதாக வேலை போகும். நல்ல முகத்தைப் போட்டால் ஒப்புதல் இல்லாத முகத்தைப் போட்டதாக வேலை போகும். இரண்டு வழியும் தொட்டிக்குள்தான் இறங்கின.

எந்த மேசையில் இது நடந்தது என்று பார்க்கக் கிளம்பினான். முதலில் ஸ்டோர் அண்ணன். இருபத்தெட்டு வருடமாகக் கீல்களைப் பெட்டி பெட்டியாக எண்ணுகிறவர். படத்தை எப்படிச் சேமித்தீர்கள் என்று கேட்டான்.

"தொறந்தேன். பாத்தேன். சேவ் பண்ணப்ப ஒரு பெட்டி வந்துச்சு, நூத்துக்கு எத்தனைன்னு. முப்பத்தஞ்சு போட்டேன்."

"எதுக்கு அண்ணே முப்பத்தஞ்சு?"

"பாஸ் மார்க். என் கையால யாருக்கும் நாப்பதைத் தாண்டினது இல்ல. என் பையனுக்கே முப்பத்தெட்டுதான். இடுப்புல கை வெச்சு நிக்கற மாதிரி எடுத்திருக்கலாம், உக்காந்து எடுத்திருக்காங்க. அதுக்கே அஞ்சு கொறைச்சேன்."

"அண்ணே, அது மார்க் இல்ல. படத்துல எவ்வளவு மிச்சம் வெக்கணும்னு கேக்குது. கம்மியா போட்டா படத்தைத் தின்னுடும்."

ஸ்டோர் அண்ணன் பேனாவை மூடினார். "ஆக, நான் போட்ட மார்க் தப்புங்கற?"

"அப்படிச் சொல்லல..."

"நூத்துக்கு எத்தனைன்னு கேட்டா அதுக்குப் பேர் என்ன? எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டான் படக்காரன்."

ஒவ்வொரு மேசையிலும் இதே கதை. எல்லோரும் மார்க் போட்டிருந்தார்கள். அனுப்புதல் பிரிவு அக்கா அறுபது. கணக்குப் பிரிவு இரட்டையர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதி இரண்டு பேரும் நாற்பத்தேழு. நிறுவனரின் மருமகன் வாசலோரம் கண்ணாடி அறையில் இருந்தார். கல்யாணமாகி முப்பது வருடம் ஆகியும் ஆபீஸ் முழுக்க அவரை மாப்பிள்ளை சார் என்றுதான் கூப்பிட்டது. அவர் கதவைச் சாத்தச் சொன்னார்.

"வெளிய சொல்லாதே. ஒம்பது."

"ஒம்பதா சார்?"

"முப்பது வருஷம்பா. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ சாப்டியான்னு கேட்டதில்ல அந்த மனுஷன். ரகசிய ஓட்டுன்னு நெனச்சேன். ஒம்பது போட்டேன். உடம்பே லேசாயிடுச்சு."

மாப்பிள்ளை சாரின் மேசை வரிசையில் பன்னிரண்டாவது. முகம் அங்கேயே நொறுங்கிவிட்டது என்று படக்காரனுக்குப் புரிந்தது. பதிமூன்றாவது மேசைக்காரரிடம் போய், இப்படி ஒரு முகம் வந்ததே, சந்தேகம் வரவில்லையா என்று கேட்டான்.

"வந்துச்சு தம்பி. ஆனா மாப்பிள்ளை சார் பாத்து அனுப்பினது. மாமனார் மூஞ்சி அவருக்குத் தெரியாதா, எனக்குத் தெரியுமா?"

அவருக்குப் பிறகு வந்தவர்கள் தங்களுக்கு முந்தையவரின் தேதியைப் பார்த்தார்கள். தேதி இருந்தது. மார்க் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் மாமா ஒரு புதுத் தொட்டியின் அளவைச் சுவரில் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார். "மூணு மாடி, எட்டு தொட்டி. சனிக்கிழமை ஆரம்பிச்சா முடிச்சிடலாம்" என்று யாரிடமோ சொல்வது போல அவனிடம் சொன்னார். அக்கா தட்டை அவன் முன் வைத்தாள். "லெட்டர் எப்ப தருவாங்க?" என்றாள். "வியாழக்கிழமை" என்றான். மாமா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவன் தோளை ஒரு பார்வை பார்த்தார். "சாப்பாட்ட மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்கோ மச்சான். எதுக்கும் நல்லது."

செவ்வாய்க்கிழமை அவன் அவசரக் கூட்டம் கேட்டான். ஆச்சரியமாக உடனே கொடுத்தார்கள். அந்தக் கம்பெனியில் எதுவும் தாமதமாகும், கூட்டம் மட்டும் தாமதமாகாது. முப்பத்தொரு பேரும் வந்தார்கள். சுற்றுக்குப் போகாத ஒரிஜினல் படத்தையே பிஎன்ஜியாக மாற்றி வைத்திருந்தான். எல்லோரும் இங்கேயே வரிசையாக வந்து சேமித்துவிட்டால் அரை மணியில் சுற்று முடிந்துவிடும் என்பது அவன் கணக்கு. முதல் ஆளாக ஸ்டோர் அண்ணன் வந்து உட்கார்ந்தார். சேமித்தார். காத்திருந்தார்.

"பெட்டி வரலையே?"

"இதுல வராது அண்ணே. இந்த வகைல எத்தனை தடவை சேவ் பண்ணாலும் படம் தேயாது. அப்படியே இருக்கும்."

"மார்க் எங்க போடறது?"

"போட வேணாம்."

"அப்போ நாங்க எதுக்கு இருக்கோம்?"

மாப்பிள்ளை சார் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு கேக்கறேன். நான் பாத்ததுக்கு அப்புறமும் படம் அப்படியேதான் இருக்கும்னா, நான் பாத்தாலென்ன பாக்காட்டி என்ன?"

"தேதி மாறும் சார்."

"தேதி தானாவே மாறிட்டுத்தான் இருக்கு. தினமும் மாறுது."

கைதட்டல் விழுந்தது. அனுப்புதல் பிரிவு அக்கா எழுந்தார். பொதுவாக அவர் பேச மாட்டார். "நாம தொட்டோம்னு ஒரு தடம் வேணாமா? நான் இருபது வருஷமா இங்க இருக்கேன். வேற எதுலயும் என் கை பட்டது தெரியாது. அந்தப் படத்துல தெரியுது. காது கொஞ்சம் கலங்கியிருக்கு பாருங்க, அது நான்." அவர் கண் நனைந்திருந்தது. பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் கொடுத்தார்.

வாக்கெடுப்பில் பிஎன்ஜி தோற்றது. எதிராக முப்பது. ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், அவரை நடுநிலை என்று குறித்துக்கொண்டார்கள்.

எல்லோரும் கலைந்த பிறகு ரவுண்டு மேடம் மட்டும் நாற்காலிகளைச் சரி செய்துகொண்டு நின்றார். படக்காரன் மேசையில் தலையைக் கவிழ்த்திருந்தான். அவர் அவன் தலைக்கு மேலே பேசினார். "விதிப் புத்தகத்துல ஒண்ணு இருக்கு. யாரும் இதுவரைக்கும் பயன்படுத்தினதில்ல. பெரியவரே சேவ் பண்ணா சுத்து தேவையில்ல. அவர் ஒருத்தர் முப்பத்தொரு பேருக்குச் சமம்."

அவன் தலையைத் தூக்கினான்.

"வியாழக்கிழமை வர்றாரு. பத்தரைக்கு. நீ ஒரிஜினலை ரெடியா வெச்சிரு. ஆனா ஜேபெக்தான். கூட்டத்துல தோத்ததை நான் அவர் முன்னாடி வெக்க முடியாது."

அது போதும் என்று அவனுக்குப் பட்டது. ஒரே ஒரு சேமிப்பு. மனிதன் தன் முகத்துக்குத் தானே மார்க் போட்டால் தொண்ணூறுக்குக் குறையாது. தொண்ணூறில் மச்சம் நிற்கும், மீசை நிற்கும், காதுகள் தனித்தனியாக நிற்கும். இரண்டு நாளில் முதல் முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டான்.

வியாழக்கிழமை பெரியவர் வந்தார். எண்பத்திரண்டு வயது, நேராக நடந்தார், ஒவ்வொரு மாதிரிக் கதவையும் திறந்து கீலைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கூடத்தில் பெரிய திரை, எதிரே முந்நூறு பேர். ஐம்பது வருடத்தை ஐந்து நிமிடத்தில் பேசினார். எல்லாம் தொழிலாளிகள் செய்தது, தான் ஒன்றுமே செய்யவில்லை என்று மூன்று தடவை சொன்னார். கூட்டம் மூன்று தடவையும் கைதட்டியது. பிறகு மைக்கைப் பிடித்தபடியே அவர் மேசை முன் உட்கார, படக்காரன் படத்தைத் திறந்தான். திரையில் முகம் விரிந்தது. மச்சம், மீசை, இரண்டு காது, எல்லாம் இருந்தன. மணி பத்து ஐம்பது.

"இங்க அழுத்தணும் அய்யா."

அழுத்தினார். பெட்டி வந்தது. நூற்றுக்கு எத்தனை?

பெரியவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "என்னது, எனக்கு மார்க்கா?"

"எல்லாரும் போட்டோம் அய்யா" என்று ஸ்டோர் அண்ணன் கூட்டத்திலிருந்து சொன்னார்.

படக்காரன் குனிந்து காதருகே சொன்னான். "நூறு போடுங்க அய்யா."

மைக் பக்கத்தில் இருந்தது. முந்நூறு பேரும் கேட்டார்கள். பெரியவர் மெதுவாகத் திரும்பினார்.

"ஐஸ் வைக்கிறியா?"

"இல்ல அய்யா, இது வேற..."

"அம்பது வருஷமா எனக்கு ஐஸ் வெச்சவன் எவனும் இந்தக் கம்பெனில நிலைச்சதில்ல. தெரியுமா?"

"அய்யா, தொண்ணூறாவது போடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பெரியவரும் சிரித்தார். மைக்கைச் சரி செய்துகொண்டு கூட்டத்தைப் பார்த்தார். "ஒரு மனுஷன் தன்னைப் பத்தி என்ன நெனைக்கணும்னு இந்தப் பையனுக்குச் சொல்றேன், பாருங்க" என்றார். ஒரு விரலால் ஐந்து என்று தட்டினார். எல்லோரும் பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டார். பிறகு சேமித்தார்.

கூடமே எழுந்து நின்றது. ஸ்டோர் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தனக்கே ஐந்து, எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடித்து உலுக்கினார். மாப்பிள்ளை சார் மட்டும் வெளிறிப்போய் நின்றார். அவர் போட்ட ஒன்பது, பெரியவர் தனக்குப் போட்டுக்கொண்டதைவிட நான்கு அதிகம்.

பதினோரு மணிக்குத் தளம் திறந்தது. கீல்கள் வைரம் போல ஜொலித்தன. சின்னம் சுவரளவுக்கு ஓரம் பிசிறாமல் நின்றது. நடுவில் சாம்பல் நிறத்திலும் பழுப்பு நிறத்திலும் சில கட்டங்கள் இருந்தன, அவற்றின் கீழே 'எங்கள் நிறுவனர்' என்று எழுதியிருந்தது. பெரியவர் தூரப் பார்வை போதாமல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "உள்ளது உள்ளபடி இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஒப்புதல் பெற்ற படங்களோடு தளம் சொன்ன நேரத்தில் திறந்தது. விதிப்படி அவன் நிரந்தரம். ரவுண்டு மேடமே வந்து கை கொடுத்தார்.

"லெட்டர் மேடம்?"

"அடிச்சு, ஸ்கேன் பண்ணி, சுத்துல விட்டுடறேன். மனுஷன் சம்பந்தப்பட்டதாச்சே. ஜேபெக்லதான்."

பத்து வரிக் கடிதம், பொடி எழுத்து, முப்பத்தொரு மேசை. நடுவில் மாப்பிள்ளை சார். பதினைந்தாவது மேசை தாண்டும்போதே அது நிரந்தரமா, மளிகைச் சீட்டா என்று யாராலும் சொல்ல முடியாது. பெரியவரிடம் கொண்டு போகலாமா என்று ஒரு கணம் நினைத்தான். தனக்கே ஐந்து போட்டவர், ஐஸ் வைத்தவனுக்கு எத்தனை போடுவார்? நேராக மேசை மேசையாகப் போய் நல்ல மார்க் கேட்டுப் பார்த்தான். மூன்றாவது மேசையில், கேட்டு வருகிறவர்களுக்குப் பத்து குறைப்பது வழக்கம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். "மேடம், லெட்டரை நானே அடிச்சுக்கறேன்" என்றான்.

"படக்காரன் நீதானே. அடி."

மதிப்புக்குரிய என்பதை எடுத்தான். தங்களின் சேவையைப் பாராட்டி என்பதை எடுத்தான். தேதியை, விலாசத்தை, நிபந்தனைகள் எட்டையும் எடுத்தான். எட்டாவது நிபந்தனை விடுமுறை பற்றியது, அதற்கு மட்டும் கை ஒரு நொடி தயங்கியது. கடைசியில் இரண்டே சொல் மிஞ்சியது. மேலே அவன் பெயர், கீழே நிரந்தரம். ஒவ்வொரு எழுத்தையும் தாள் கொள்கிற மட்டும் பெரிதாக்கினான். வெள்ளை மேல் சுத்தக் கறுப்பு, எழுத்து ஒவ்வொன்றும் செங்கல் தடிமன். இதைத் தின்ன வேண்டுமென்றால் முப்பத்தொரு பேரும் சேர்ந்து பூஜ்யம் போட வேண்டும்.

லெட்டர் வர ஒரு வாரம் ஆகும் என்று அவன் வீட்டில் கேட்ட அவகாசத்துக்கு மாமா ஒப்புக்கொண்டார். சனிக்கிழமை எட்டுத் தொட்டியையும் தன் பக்கத்து ஊர்த் தம்பியைக் கூட்டி வந்து முடித்துக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை கோப்பு திரும்பி வந்தது. முப்பத்தொரு தேதியும் இருந்தன. திறந்தான். பெயர் இருந்தது. நிரந்தரம் இருந்தது. எழுத்துகளைச் சுற்றி எறும்பு மொய்த்த மாதிரி ஒரு கசங்கல், அவ்வளவுதான். இரண்டு முறை படித்துவிட்டு அக்காவுக்கு அனுப்பினான். அவள் உடனே கூப்பிட்டாள்.

"வந்துச்சுடா. படிச்சேன். மாமாவும் படிச்சாரு." குரல் உடைந்து, உடனே சரியானது. "அது என்ன, எழுத்தைச் சுத்தி ஒரே அழுக்கா இருக்கு?"

"முப்பத்தொரு பேர் தொட்டது அக்கா" என்றான். "அப்படித்தான் இருக்கும்."